மடிந்து கிடக்கும் பாறைக்கு வயது போட எதை நம்புவது: கிராப்டோலைட்டா, கோனோடான்ட்டா, சிர்கானா?

"சிர்கானை லேபுக்கு அனுப்பினால் வயது எண்ணாகவே வந்துவிடுமே, அப்புறம் எதற்கு லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு கறுப்புக் கல்லில் கீறல் தேட வேண்டும்?" போன மாதம் ஒரு முதுகலை மாணவர் போனில் கேட்டது இது. அவர் கையில் ஒரு மடிப்புப் பகுதி, ஒரே ஒரு கோடைக்கால ஃபீல்டு, கொஞ்சம் பணம். நியாயமான கேள்விதான். (சிர்கான் என்பது வயது அளக்க உதவும் சிறு கனிமப் படிகம், கிராப்டோலைட்டும் கோனோடான்ட்டும் பழங்காலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள்.) பதில் சொல்லத் தொடங்கி பாதியில் சிக்னல் போய்விட்டது, மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடிந்த பகுதியில் முதல் காசு புதைபடிவத்துக்குத்தான். எந்தப் புதைபடிவம் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் அதை அங்கே கிடக்கும் கல்தான் முடிவு செய்கிறது.

நம் ஊரில் படித்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. புதைபடிவம் பார்க்க அரியலூர் போவோம், அங்கே அடுக்குகள் கிழக்கே லேசாகச் சாய்ந்து பாய் விரித்ததுபோலக் கிடக்கும், மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் ஏறக்குறைய பழையதிலிருந்து புதியதுக்குப் போய்விடலாம். மடிப்பு பார்க்க சேலம் கஞ்சமலை போவோம், அங்கே இரும்புப் பட்டைகள் அழகாக மடிந்திருக்கும், ஆனால் வெந்து உருமாறிய அந்தக் கிழட்டுப் பாறையில் புதைபடிவம் என்ற பேச்சே கிடையாது. இரண்டும் ஒரே மலையில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை.

சேர்ந்து வந்தால் ஆகிற முதல் காரியம், "அடியில் இருப்பது பழசு" என்ற பாடம் செல்லாமல் போவது. போர்வையை இரு கையாலும் நெருக்கித் தள்ளிப் பாருங்கள். ஒரே மடிப்பில் ஒரு பக்கம் நேராகவும் இன்னொரு பக்கம் தலைகீழாகவும் கிடக்கும், மேலே வெட்டிவிட்டால் ஒரே கோடு இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டும். மலைச்சரிவில் நடக்கிறவனுக்கு அவை மூன்று தனித்தனி அடுக்குகள். ஆக, எத்தனை கோடி ஆண்டு என்ற கேள்விக்கு முன்பு வேறு இரண்டு கேள்விகள் நிற்கின்றன: இதுவும் அங்கே பார்த்ததும் ஒரே அடுக்கா, இங்கே மேல்பக்கம் எது? எந்த வழியையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இதற்கு உலகில் உள்ள ஆகச் சிறந்த பாடம் ஸ்காட்லாந்தின் தெற்கு உயர்நிலம். கரடுமுரடான மணற்கல் வகையான கிரேவாக்கி மைல் கணக்கில் செங்குத்தாக நிற்கும், நடுநடுவே கறுப்பு ஷேல் (சேறு இறுகிய மெல்லடுக்குக் கல்) பட்டைகள். ஒவ்வொரு பட்டையையும் வேறு வேறு மட்டம் என்று எண்ணிக்கொண்டே போனதில், பிரம்மாண்டமான தடிமனுள்ள ஒரே அடுக்குத்தொகுதி என்ற கணக்கு வந்து நின்றது. அந்தக் கணக்கை உடைத்தவர் சார்லஸ் லாப்வொர்த். அவர் அப்போது பேராசிரியர்கூட இல்லை, 1864 முதல் கேலஷீல்ஸ் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். மோஃபட் அருகே டாப்ஸ் லின் என்ற ஓடைப் பள்ளத்தில், பர்க்ஹில் குடிசையில் தங்கிக்கொண்டு, கறுப்பு ஷேலை அடுக்கு அடுக்காகப் பிரித்து எந்தத் துண்டில் எந்தக் கிராப்டோலைட் என்று குறித்துக்கொண்டே போனார். 1878இல் வெளிவந்தது முடிவு: எல்லாப் பட்டைகளும் ஒரே ஷேல்தான், தடிமன் 100 மீட்டர் வாக்கில், அது மடிந்து மடிந்து திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

அவர் அதைச் செய்த விதம்தான் இங்கே முக்கியம். கிராப்டோலைட் கடலில் மிதந்து வாழ்ந்த சிறு கூட்டுயிரி, ரம்பப் பல் மாதிரி ஓரம் கொண்டது. செத்ததும் அடியில் சேற்றில் விழுந்து கரிப்படலமாக ஒட்டிக்கொண்டது, பார்த்தால் யாரோ பென்சிலால் கீறியது போலிருக்கும். மிதந்ததால் பரவலாகக் கிடைக்கும், வேகமாக உருமாறியதால் ஒவ்வொரு மட்டத்துக்கும் தனி ஜாடை. கீழே கிளென்கில்ன் ஷேலில் நெமாகிராப்டஸ், அதற்கு மேல் ஹார்ட்ஃபெல் ஷேலில் கவட்டை மாதிரி இரண்டு கிளை விரிந்த டைசெல்லோகிராப்டஸ், அதற்கும் மேல் பர்க்ஹில் ஷேலில் ஒற்றைக் கிளை மோனோகிராப்டஸ், உச்சியில் சீப்புப் பற்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ராஸ்ட்ரைட்ஸ். லென்ஸ் இருந்தால் மலையிலேயே அடையாளம் சொல்லிவிடலாம்.

இப்போது 1, 2, 3, 4 என்று வரிசை தெரிந்துவிட்டது அல்லவா, அடுத்த பள்ளத்துக்குப் போகிறீர்கள். அங்கே 1, 2, 3, 4, 3, 2, 1 என்று வந்தால் அது மடிப்பு, நடுவில் புதியது இருப்பதால் கீழ்மடிப்பு. 4, 3, 2, 1, 2, 3, 4 என்றால் மேல்மடிப்பு. 1, 2, 3, 4 முடிந்ததும் மறுபடி 1, 2, 3, 4 என்று தொடங்கினால் மடிப்பே இல்லை, நாம் ஃபால்ட் என்று சொல்லும் பிளவுப் பெயர்ச்சி அதே தொகுதியை நறுக்கித் தூக்கி வைத்திருக்கிறது. பாறையின் நிறமோ தடிமனோ இதைச் சொல்லாது, கறுப்பு ஷேல் எங்கே பார்த்தாலும் கறுப்பு ஷேல்தான். புதைபடிவம் வயதை மட்டும் தருவதில்லை, மடிப்பின் வரைபடத்தையே தருகிறது. எனக்கு இந்த வேலையில் இன்றைக்கும் அலுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

அரசு நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த பீச்சும் ஹார்னும் மறுபடி எல்லாவற்றையும் நடந்து பார்த்து 1899இல் வாத்தியார் சொன்னது சரி என்று பெரிய நூலாகவே எழுதினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை, மாணவர்கள் பொதுவாக இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கிரேவாக்கிப் படுகைகளில் (படுகை என்றால் இங்கே தனித்தனிக் கல்லடுக்கு) மேல்பக்கம் எது என்று மணல்மணிகளின் அளவை வைத்தும் அடிப்பக்கத் தடங்களை வைத்தும் 1950களில் பார்க்கத் தொடங்கியபோது ஒரு முரண் கிளம்பியது. ஃபால்ட்டுகளால் பிரிந்து கிடக்கும் ஒவ்வொரு நிலத்துண்டுக்குள்ளும் படுகைகள் வடமேற்கு நோக்கிப் புதிதாகிக்கொண்டு போகின்றன, ஆனால் துண்டு துண்டாகப் பார்த்தால் தென்கிழக்கே போகப்போகத்தான் வயது குறைகிறது. வெறும் மடிப்பால் இதை விளக்கவே முடியாது. 1979இல் லெகட், மெக்கெரோ, ஈல்ஸ் மூவரும் சொன்ன விளக்கம்: கடல்தட்டு உள்ளே அமிழும்போது மேலிருந்த படிவுகள் சீவப்பட்டு, ஒன்றன் அடியில் ஒன்றாகச் செருகப்பட்டவை இந்தத் துண்டுகள். லாப்வொர்த்தின் கிராப்டோலைட் வரிசை ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, அவர் வரைந்த மடிப்புகளில் நிறைய ஃபால்ட் ஆகிவிட்டன. அதனால்தான் புதைபடிவத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்களிடம் நான் கேட்பது, படுகையின் மேல்பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டீர்களா என்று. அதற்குக் காசே வேண்டாம், பொறுமை போதும்.

கிராப்டோலைட்டின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மிதவை வகைகளுக்கு ஆர்டோவிசியன் தொடக்கத்திலிருந்து டெவோனியன் முற்பகுதி வரைதான் ஆயுள், அதாவது சுமார் 48 கோடி ஆண்டிலிருந்து 41 கோடி ஆண்டு வரை. உங்கள் பாறை ஜுராசிக் என்றால் இந்தப் பேச்சே வீண். அமைதியான சேற்றில்தான் நன்றாகக் கிடைக்கும், நடுவில் மைல் கணக்கில் நிற்கும் கிரேவாக்கியில் அநேகமாக ஒன்றும் இருக்காது. அப்புறம் மடிப்புக்கே உரிய தொல்லை ஒன்று: பாறை நெருக்குண்டு பலகைப் பிளவு விழுந்த இடத்தில் படிவமும் ஒரு திசையில் இழுபட்டிருக்கும். ஒரே இனம் ஒரு பக்கம் கிடந்தால் ஒல்லியாகவும் குறுக்கே கிடந்தால் குண்டாகவும் தெரியும், கிளை அகலமும் பல் இடைவெளியும்தான் இனத்தை அடையாளம் காட்டும் அளவுகள் என்பதால் ஒன்றுக்கு இரண்டு பெயர் வைத்துவிடுவோம். ஒரே பலகையில் வேறு வேறு திசையில் கிடக்கும் பல மாதிரிகளை அளந்தால்தான் இழுபட்ட கணக்கு பிடிபடும்.

சரி, சிர்கானுக்கு வருவோம். எரிமலைச் சாம்பல் கடலில் விழுந்து சேர்ந்த மெல்லிய வெளிர் களிமண் படுகைகள் டாப்ஸ் லின்னிலும் நிறைய உண்டு. அவற்றிலுள்ள சிர்கான் படிகத்தில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை வைத்து வயது போடலாம், அப்படிப் போட்டும் இருக்கிறார்கள், 1990இல் வெளியான எண்களில் பிழை எல்லை ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டு. இன்றைய மிகத் துல்லியமான முறையில், படிகத்தை அமிலத்தால் பதப்படுத்திக் கரைத்து அளந்தால், 0.1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே போகும், 44 கோடி ஆண்டில் அது 4 லட்சம் சொச்சம். ஆனால் மாணவர்களுக்கு எட்டுவது பெரும்பாலும் லேசரால் சுரண்டி அளக்கும் முறை, அதன் பிழை 1 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும், அதாவது 44 லட்சம் ஆண்டு. கிராப்டோலைட் மண்டலங்கள், அதாவது ஒவ்வொரு இனத்தை வைத்துப் பிரித்த மட்டங்கள், பல 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவானவை. ஆக, "எண்ணாக வருவது" துல்லியம் என்று தோன்றினாலும், பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் ஒன்றா வேறா என்று பிரிக்கும் வேலையில் லேசர் எண் அந்த வாத்தியாரின் லென்ஸிடம் தோற்றுவிடும்.

இன்னொன்று, சாம்பல் படுகை இருந்தால்தான் இதெல்லாம். அது கிடைக்காதபோது மணற்கல்லை இடித்து உள்ளே அடித்துவரப்பட்ட சிர்கான்களை அளந்து, அதில் மிக இளையது இந்த வயது, ஆகவே படுகையும் இந்த வயது என்று எழுதுகிறார்கள். தவறு. தாத்தா காலத்துக் கல்லை எடுத்து இன்றைக்குச் சுவர் கட்டினால் சுவருக்குத் தாத்தா வயதா? படுகை அந்தச் சிர்கானைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பது மட்டும்தான் அதிலிருந்து கிடைக்கும் தகவல். புதைபடிவமே இல்லாத கிரேவாக்கிக்கு அதுவும் ஒரு உதவிதான், மறுக்கவில்லை.

சிர்கானின் உண்மையான பலம் வேறு இடத்தில். புதைபடிவம் வரிசையைத் தரும், எண்ணைத் தராது. டைசெல்லோகிராப்டஸ் மட்டம் இத்தனை கோடி ஆண்டு என்று இன்று நாம் சொல்வதே எங்கோ ஒரு சாம்பல் படுகையில் யாரோ அளந்ததால்தான். ஆர்டோவிசியன் முடிந்து சிலூரியன் தொடங்கும் எல்லைக்கு உலகப் பொதுக் குறியீட்டிடமாக 1980களில் உறுதியானது அதே டாப்ஸ் லின், பர்க்ஹில் ஷேலின் அடியிலிருந்து 1.6 மீட்டர் மேலே. அந்த எல்லையை வரையறுப்பது கிராப்டோலைட்டின் வருகை, அதற்கு 44 கோடி சொச்சம் என்று எண் ஒட்டுவது சிர்கான். (மடிந்து நொறுங்கிய இடத்தைப் போய் உலகக் குறியீடாக வைத்தீர்களே, அங்கே ஓடுள்ள உயிரிகளும் சரியாக இல்லையே என்ற முணுமுணுப்பு அன்றிலிருந்து நிற்கவில்லை. அதிலும் நியாயம் உண்டு.)

கறுப்பு ஷேல் இல்லை, சுண்ணாம்புப்பாறையோ, சிலிக்காவாலான கெட்டிக் கல்லான செர்ட்டோதான் இருக்கிறது என்றால்? அப்போது கோனோடான்ட், ரேடியோலேரியா (சிலிக்காக் கூடுள்ள நுண்ணிய கடல் உயிரி). கோனோடான்ட் என்பது விலாங்கு போன்ற சிறு கடல் பிராணியின் பல் மாதிரிப் பகுதி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கேம்பிரியனிலிருந்து டிரையாசிக் முடிவு வரை கிடைக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தால் பாஸ்பேட்டாலான இது மட்டும் மிஞ்சும். வெந்த பாறைக்கு இதைவிட நல்ல தோழன் கிடையாது, ஏனென்றால் வெப்பம் ஏற ஏற வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு, கறுப்பு என்று நிறம் மாறும். 1977இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினர் இந்த நிறங்களுக்கு எண் கொடுத்து வெப்பநிலையோடு இணைத்துவிட்டார்கள். ஒரே மாதிரியில் வயதும் வந்தது, மடிப்பு எவ்வளவு சூட்டில் நடந்தது என்பதும் வந்தது. குறை என்னவென்றால் ஃபீல்டில் ஒன்றும் தெரியாது. கிலோ கணக்கில் கல்லைச் சுமந்து வந்து, வாரக்கணக்கில் கரைத்து, கடைசியில் வெறும் மண் மிஞ்சுகிற நாட்களும் உண்டு.

ஜப்பானில் இந்தக் குட்டிப் பொருட்கள் செய்த காரியம் தனிக் கதை. தென்மேற்கு ஜப்பானின் மடிந்து நொறுங்கிய செர்ட், சேற்றுக்கல் தொகுதிகளைப் பெரும்பாலும் பேலியோசோயிக், அதாவது டிரையாசிக், ஜுராசிக் காலங்களுக்கு முந்தையவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். காரணம், உள்ளே இருந்த சுண்ணாம்புப்பாறைகளில் கோதுமை மணி மாதிரி ஃபியூசுலினிட், சந்தேகமே இல்லாத கார்போனிஃபெரஸ், பெர்மியன் உயிரி. பெரியது, கண்ணுக்குத் தெரிவது, அடையாளம் உறுதியானது. பிறகு செர்ட்டிலிருந்து டிரையாசிக் கோனோடான்ட் வந்தது, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் செர்ட்டையும் சேற்றுக்கல்லையும் அரித்து ரேடியோலேரியா எடுக்கும் முறை 1970களில் பரவியதும் சேற்றுக்கல் ஜுராசிக் என்று தெரிந்தது. கடலடி மலைகளின் தலையில் வளர்ந்த பழைய சுண்ணாம்புப்பாறை, தட்டோடு பயணம் செய்து வந்து, உடைந்து, ஜுராசிக் சேற்றுக்குள் கட்டிகளாகச் சரிந்து விழுந்திருக்கிறது. ஃபியூசுலினிட் பொய் சொல்லவில்லை, கட்டியின் வயதைச் சரியாகத்தான் சொன்னது. கட்டியைப் படுகை என்று எண்ணியது நாம். கிசோ ஆற்றங்கரையில் இனுயாமாவில் செர்ட் தொகுதி மடிப்பும் ஃபால்ட்டுமாக அடுக்கடுக்காகத் திரும்ப வருவதைப் பிரித்துக் காட்டியதும் இதே ரேடியோலேரியாதான். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் எலும்புவரை போகக்கூடிய விஷம், சரியான காற்றோட்டக் கூண்டும் பயிற்சியும் இல்லாத கல்லூரி லேபில் அதைத் தொடாதீர்கள், வயது தெரியாமல் போனால் போகட்டும்.

இந்தியாவில் இதெல்லாம் எங்கே என்றால் இமாச்சலத்தின் ஸ்பிதி. அரியலூர், திருச்சிப் பக்கத்து கிரெட்டேசியஸ் உயிரிகளை விவரித்த அதே நிலவியலாளர் ஸ்டோலிச்காதான் 1860களில் ஸ்பிதி அடுக்குகளுக்கும் முத், குலிங், கியுமல், சிக்கிம் என்று பெயர் வைத்தவர் (சிக்கிம் அங்கே ஒரு ஊர், மாநிலம் இல்லை). 1874இல் லடாக்கிலேயே இறந்தார், முப்பத்தாறு வயதுதான். அங்கே மரம் கிடையாது, மடிப்பு மொத்தமும் மலையின் முகத்தில் படம் வரைந்தது போலத் தெரியும். சுருள் ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரியான அம்மோனைட் கையால் எடுக்கும் அளவில் கிடைக்கும். ஸ்பிதி ஷேலின் ஜுராசிக் அம்மோனைட்டுகள் உருண்டைக் கற்களுக்குள் இருப்பவை, நேபாளத்தில் கண்டகி ஆற்றில் உருண்டு வந்து வைணவ வீடுகளில் சாளக்கிராமமாகப் பூஜை பெறுபவையும் அந்த வகைதான். ஷேல் மெத்தை மாதிரி நசுங்கினாலும் கல்லுக்குள் இருந்தது உருக்குலையாமல் தப்பிவிடும். கிராப்டோலைட்டுக்கு இல்லாத வசதி இது.

ஆனால் உருண்டை என்றால் உருளும். மாணவனாக முதல்முறை போனபோது சரிவில் அருமையான ஒன்றைப் பொறுக்கி, அந்த இடத்தையே ஸ்பிதி ஷேல் என்று வரைபடத்தில் பழுப்பு அடித்துவிட்டேன். சாயங்காலம் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி, "எந்தப் படுகையிலிருந்துடா உடைச்சே?" நான் உடைக்கவே இல்லை. மேலே இருநூறு மீட்டரிலிருந்து உருண்டு வந்தது அது, நான் நின்றது டிரையாசிக் சுண்ணாம்பின் மேல். மறுநாள் முழுக்க அந்த ஒரு பழுப்பை அழிக்கப் போனது. கடையில் வாங்கியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இமயமலையில் எடுத்ததாகக் கட்டுரைகளில் வந்த பல படிவங்கள் மொராக்கோவிலும் நியூயார்க்கிலும் கிடைப்பவற்றை அப்படியே ஒத்திருக்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டேலன்ட் 1989இல் நேச்சர் இதழில் எழுதியபோது, இமயமலை அடுக்கியலில் எதை நம்புவது என்பதே பெரும் தலைவலியாகிப் போனது. சிர்கானில் இந்த ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள், மாதிரிப் பையில் தவறான சீட்டு ஒட்ட எல்லா முறைக்கும் முடியும்.

ஸ்பிதியில் அம்மோனைட்டா கோனோடான்ட்டா என்று கேட்டால் நான் இரண்டும் என்பேன். பின் பள்ளத்தாக்கின் முத் கிராமத்தில் கீழ் டிரையாசிக் அடுக்குகளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன, அதனால்தான் அங்குள்ள ஒரு எல்லையை உலகக் குறியீடாகவே முன்மொழிந்தார்கள். அம்மோனைட்டை வைத்து மலையிலேயே வரைபடம் போடுங்கள், சந்தேகமான நாலைந்து படுகைகளிலிருந்து மட்டும் கோனோடான்ட்டுக்குக் கல் எடுத்து வாருங்கள்.

மகரந்தம், வித்து வகைகளை மடிப்புப் பகுதியில் நான் பரிந்துரைப்பதில்லை, பாறை வெந்திருந்தால் கரிந்து கறுப்பாகிவிடும். கார்பன் ஐசோடோப் வளைவு (அடுக்குக்கு அடுக்கு கார்பன் வகைகளின் விகிதம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு) நாகரிகமாக இருக்கும், ஆனால் ஒரு மேடு இன்னொரு மேட்டைப் போலத்தான் இருக்கும், இது எந்த மேடு என்று சொல்ல மறுபடி புதைபடிவத்தைத்தான் கூப்பிட வேண்டும். மடிந்து பாதி காணாமல் போன வெட்டுமுகத்தில் அதை மட்டும் நம்பி இறங்குவது எனக்குச் சூதாட்டமாகப் படுகிறது.

அந்த மாணவரின் பகுதிக்கு வருகிறேன். சுண்ணாம்பும் ஷேலும் மாறி மாறி, நடுவில் ஒரே ஒரு வெளிர்ப் படுகை, அது சாம்பல்தானா என்பதும் தெரியாது. அவர் இடத்தில் நானாக இருந்தால் முதல் பத்து நாள் எதையும் பையில் போடாமல் ஒரு நல்ல வெட்டுமுகத்தை மட்டும் படுகை படுகையாக அளந்து, மேல்பக்கம் எது என்று குறித்து, கண்ணுக்குத் தெரியும் படிவ வரிசையை எழுதுவேன். அடுத்து, மற்ற ஓடைகளில் அந்த வரிசை நேராக வருகிறதா, திரும்பி வருகிறதா, பாதியில் அறுந்து மறுபடி தொடங்குகிறதா என்று பார்ப்பேன். கோனோடான்ட்டுக்கு எட்டுப் பத்து மாதிரி, ஒவ்வொன்றும் மூன்று கிலோ, அதற்கு மேல் தூக்கினால் முதுகு போகும். வெளிர்ப் படுகையிலிருந்து ஒரு பை எடுத்து வைப்பேன், ஆனால் வரிசை பிடிபட்டு அந்தப் படுகை எந்த மண்டலத்துக்கு நடுவில் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் லேபுக்குப் பணம் கட்டுவேன். வரிசையில் இடம் தெரியாத ஒரு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கல்லை உடைத்து எடுப்பதற்கு முன்பே அதன் மேல்பக்கத்தில் அழியாத மார்க்கரால் அம்புக்குறி போட்டுவிடுங்கள், தம்பி. பையில் போட்ட பிறகு எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்தது என்று கல் சொல்லாது.